டேங்கின் அடியில் தூங்கும் கசடு: பழைய பாய்மரப் படகுகளின் டீசல் சந்தேகங்கள்

இந்த இதழில் டீசல் தொடர்பான கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: என் படகுக்கு 35 வயது. இரண்டு சிலிண்டர் டீசல் இன்ஜின். துறைமுகத்துக்குள் மணிக்கணக்கில் ஓட்டினாலும் ஒரு குறையும் இல்லை. அலையுள்ள கடலுக்குப் போனால் அரை மணி நேரத்தில் ஆர்.பி.எம். ஏறி இறங்கி, திணறி, நின்றுவிடுகிறது. பத்து நிமிடம் விட்டு ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காதது போல ஓடுகிறது. ஃபில்டரை மூன்று முறை மாற்றிவிட்டேன். இன்ஜெக்‌ஷன் பம்பைக் கழற்றி சர்வீஸுக்குக் கொடுக்கச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: இன்ஜெக்டர்களுக்கு அழுத்தத்தோடு டீசல் அனுப்பும் அந்தப் பம்பில் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள். பம்ப் கெட்டிருந்தால் அது துறைமுகம், கடல் என்று பேதம் பார்க்காது. நீங்கள் சொல்லும் அறிகுறி டேங்கைத்தான் காட்டுகிறது. பாய்மரப் படகில் இன்ஜின் ஓடும் நேரம் குறைவு. ஒரு முறை நிரப்பிய டீசல் இரண்டு, மூன்று வருடம்கூட அப்படியே கிடக்கும். அதன் கசடு அடியில் படிந்து, படகு ஆடாதவரை தூங்கும். அலையில் உருளும்போது அத்தனையும் கலங்கி, உறிஞ்சு குழாயின் வாய்க்கு வந்து சேரும். இன்ஜின் நின்றதும் இழுவை நின்றுவிடுவதால் வாயை மூடியிருந்த கசடு உதிர்ந்து கீழே விழும். அதனால்தான் பத்து நிமிடம் கழித்து மறுபடி ஓடுகிறது. பல பழைய டேங்குகளில் இந்தக் குழாயின் நுனியில் மெல்லிய கம்பி வலை ஒன்று இருக்கும். எங்கள் முதல் சந்தேகம் அதன் மேல்தான்.

சந்தேகத்தை உறுதி செய்ய, செலவில்லாத சோதனைகளை முதலில் செய்யுங்கள். இன்ஜின் திணறும்போது எக்ஸாஸ்டைப் பாருங்கள். கரும்புகை கக்கினால் ப்ரொப்பெல்லரில் கயிறு சுற்றியிருக்கலாம், சிப்பி படிந்திருக்கலாம், அல்லது இன்ஜினுக்குக் காற்று போதவில்லை. புகையே இல்லாமல் மெல்ல அடங்கினால் டீசல் வரவில்லை என்று அர்த்தம். அப்போது உடனே மேல்தளத்தில் டீசல் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். புஸ்ஸென்று காற்று உள்ளே போய் இன்ஜின் தெளிந்தால், டேங்கின் காற்றுக் குழாய் அடைத்திருக்கிறது. பூச்சிக்கூடும் உப்பும் சேர்ந்து அதை அடைப்பது சாதாரணம்.

அடுத்தது கேன் சோதனை. சுத்தமான டீசல் உள்ள 10 லிட்டர் கேனிலிருந்து ஒரு ஹோஸை நேராக லிஃப்ட் பம்பின் (டேங்கிலிருந்து டீசலை இழுத்து இன்ஜினுக்குத் தரும் சிறு பம்ப்) வாய்க்குக் கொடுங்கள். இன்ஜினிலிருந்து திரும்பும் மீதி டீசலின் ஹோஸையும் கழற்றி அதே கேனுக்குள் விடுங்கள். இதை மறந்தால் கேனில் உள்ளது கொஞ்சம் கொஞ்சமாக டேங்குக்குப் போய், கேன் காலியாகி இன்ஜின் நிற்கும், நீங்கள் தவறான முடிவுக்கு வருவீர்கள். கரையில் கட்டிவைத்து ஓட்டிப் பார்ப்பது உங்கள் விஷயத்தில் போதாது, அங்கே அது முன்பும் ஓடியதுதானே. கேனை அசையாமல் கட்டி, பாயைத் தயாராக வைத்துக்கொண்டு, அலையுள்ள இடத்தில் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். நிற்காமல் ஓடினால் கோளாறு டேங்குக்கும் லிஃப்ட் பம்புக்கும் நடுவில் இருக்கிறது. அப்போதும் நின்றால் லிஃப்ட் பம்ப், இன்ஜின் ஃபில்டர் என்று முன்னோக்கித் தேடுங்கள்.

டேங்குக்கும் லிஃப்ட் பம்புக்கும் நடுவில் உள்ள முதல் ஃபில்டரிலிருந்து டீசல் வெளியேறும் பக்கத்தில், இழுவையின் அளவைக் காட்டும் வேக்கம் கேஜ் ஒன்றைப் பொருத்துவது இந்தப் படகுகளுக்கு நாங்கள் சொல்லும் மிகப் பயனுள்ள மாற்றம். புது ஃபில்டரோடு முழு வேகத்தில் ஓட்டி முள் எங்கே நிற்கிறது என்று எழுதி வையுங்கள். சின்ன இன்ஜினில் அது பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். நாளடைவில் மெல்ல ஏறினால் ஃபில்டர் அடைகிறது. பாதரச அளவில் 7 அங்குலத்தை எட்டும்போது மாற்றிவிடுங்கள். புது ஃபில்டர் போட்டும் முள் உயரத்திலேயே நின்றால் அடைப்பு அதற்கு முன்னால், அதாவது உறிஞ்சு குழாய், வால்வு, உள்சுவர் உப்பிய பழைய ரப்பர் ஹோஸ் இவற்றில் ஒன்றில் இருக்கிறது. முள் எழும்பாமலே இன்ஜின் நின்றால் எங்கோ காற்று இழுக்கிறது அல்லது லிஃப்ட் பம்பின் டயஃப்ரம் (உள்ளே உள்ள ரப்பர் சவ்வு) போய்விட்டது. அப்போது லிஃப்ட் பம்புக்கு முன்னால் ஒரு சாண் அளவுக்குக் கண்ணாடி போன்ற ஹோஸைத் தற்காலிகமாகப் போட்டுப் பாருங்கள், குமிழ்கள் கண்ணில் தெரியும்.

வலைதான் காரணம் என்று தெரிந்தால் உறிஞ்சு குழாயை டேங்கின் மேலிருந்து கழற்றி, வலையை எடுத்தே விடுங்கள். கசடைப் பிடிப்பது ஃபில்டரின் வேலை, அது கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. குழாயின் நுனியைச் சாய்வாக வெட்டி, டேங்கின் தரையிலிருந்து 20 மி.மீ. உயரத்தில் நிற்கும்படி மாட்டுங்கள். நடுக்கடலில் அடைத்துவிட்டால், ஊற்றும் மூடியைத் திறந்து வைத்து, முதல் ஃபில்டருக்கு வரும் ஹோஸைக் கழற்றி, ரப்பர் படகுக்குக் காற்றடிக்கும் கால் பம்பால் டேங்கை நோக்கி ஊதுங்கள். டேங்கில் குபுகுபுவென்று சத்தம் கேட்டால் வழி திறந்தது. கம்ப்ரசர் காற்றை இதற்குக் கொண்டுவராதீர்கள், டேங்கின் தையல் பிளக்கும்.

கேள்வி: டேங்கின் அடியிலிருந்து கைப்பம்பால் ஒரு பாட்டில் எடுத்து ஒரு நாள் அசையாமல் வைத்தேன். கீழே இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர், அதன் மேல் கறுப்பாக ஒரு ஏடு, அதற்கு மேல் பழுப்பு டீசல். கிருமிக்கொல்லி ஊற்றினால் சரியாகிவிடுமா?

பதில்: அதை மட்டும் ஊற்றினால் நிலைமை மோசமாகும். முதலில் அந்த ஏடு என்ன என்று பாருங்கள். கையுறை போட்டு, ஒரு குச்சியால் தூக்குங்கள். நனைந்த துணி போல ஒட்டுமொத்தமாக எழுந்து, விரலிடையில் வழவழவென்று நழுவினால் அது பூஞ்சையும் பாக்டீரியாவும் சேர்ந்து கட்டிய ஆடை. சில சமயம் அழுகிய முட்டை வாடையும் வரும். இந்தக் கிருமிகள் தண்ணீரில் வாழ்ந்து டீசலைத் தின்னும். அதனால்தான் இரண்டும் சந்திக்கும் கோட்டில் கூடு கட்டுகின்றன. தண்ணீர் இல்லாவிட்டால் அவை பெருக வழியில்லை. ஆனால் கறுப்பாக இருப்பதெல்லாம் கிருமி அல்ல. தண்ணீரே இல்லாமல், தார் போலக் கையில் இழுபடும் கசடு, டீசல் பழசாகி ஆக்சிஜனோடு சேர்ந்து உண்டாக்கிய பிசின். செம்பு, பித்தளை பாகங்கள் அதை விரைவாக்கும். கிருமிக்கொல்லி அதை ஒன்றும் செய்யாது.

உங்கள் பாட்டிலில் தண்ணீர் இருப்பதால் இது கிருமிதான் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியென்றால் வரிசை முக்கியம். தண்ணீரை முழுக்க எடுங்கள், பிறகு ஆடையையும் கசடையும் எடுங்கள், அதற்குப் பிறகே கிருமிக்கொல்லி. முதலிலேயே ஊற்றினால் மருந்தின் பெரும்பகுதி அடியிலுள்ள தண்ணீருக்குள் போய்விடும். அதையும் மீறிக் கொன்றால், செத்த ஆடை துண்டு துண்டாகப் பிய்ந்து ஃபில்டருக்கு வரும். உயிரோடு இருந்தாலும் செத்தாலும் ஃபில்டருக்கு அது சேறுதான். சுத்தம் செய்த டேங்குக்கு மருந்துப் பாட்டிலில் எழுதியுள்ள அதிர்ச்சி அளவை (ஷாக் டோஸ், அதாவது கூடுதல் அளவு) ஒரு முறையும், அதன் பிறகு நிரப்பும்போதெல்லாம் பராமரிப்பு அளவையும் போடுங்கள். தண்ணீரைக் கரைத்து எரித்துவிடும் என்று விற்கப்படும் ஆல்கஹால் கலவைகள் வேண்டவே வேண்டாம். கரைந்த தண்ணீரை எந்த ஃபில்டரும் பிரிக்க முடியாது. அது டீசலோடு சேர்ந்தே இன்ஜெக்‌ஷன் பம்புக்குப் போகும். அந்தப் பம்பின் உலோகங்களுக்கு நடுவே சில மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளிதான். டீசல்தான் அதற்கு மசகு. தண்ணீர் வந்தால் துருவும் தேய்மானமும்தான் மிச்சம்.

தண்ணீர் எப்படி வந்தது என்று கண்டுபிடிக்காமல் இதை முடிக்காதீர்கள். இரவில் டேங்கின் சுவரில் வேர்க்கும் ஈரத்தைத்தான் பலரும் குறை சொல்கிறார்கள். படகின் உள்ளே கிடக்கும் டேங்கில் அது மிகக் குறைவு. பாட்டிலில் இரண்டு விரல் தண்ணீர் என்றால் மேல்தள மூடியின் ஓ-ரிங்கை, அதாவது ரப்பர் வளையத்தைப் பாருங்கள். தட்டையாகி, வெடித்து, விரலால் அழுத்தினால் திரும்பி எழாமல் கிடந்தால் அதுவே வழி. மூடி இருப்பது அலை தண்ணீர் ஓடும் தளத்தின் ஓரத்தில். டீசலைத் தாங்கும் நைட்ரைல் ரப்பரில் செய்த ஓ-ரிங் ஒன்று வாங்கிக் கொஞ்சம் கிரீஸ் தடவிப் போடுங்கள். காற்றுக் குழாயின் வாய் படகின் பக்கவாட்டில் இருந்தால், பாயில் சாய்ந்து ஓடும்போது அது கடலுக்குள் முங்கும். உள்ளே ஹோஸை மேல்தளத்துக்குக் கீழே எவ்வளவு உயர முடியுமோ அவ்வளவு உயர வளைத்து இறக்குங்கள்.

கேள்வி: பம்பும் ஃபில்டரும் கொண்டுவந்து டீசலைச் சுழற்றிச் சுத்தம் செய்து தருகிறார்கள். என் 120 லிட்டர் அலுமினிய டேங்குக்கு அது போதுமா, டேங்கைத் திறக்க வேண்டுமா?

பதில்: சுழற்றுவது டீசலைத்தான் சுத்தம் செய்யும், டேங்கை அல்ல. டேங்கின் உள்ளே டீசல் அலம்பாமலிருக்கத் தடுப்புத் தகடுகள் உண்டு. அவற்றின் மூலைகளில் ஒட்டிய கசடு சுழற்சிக்கு அசையாது. முதல் பெரிய அலைக்குத்தான் அசையும். கை நுழையும் மூடி இல்லாத டேங்குக்கு மூடி வைத்தே ஆக வேண்டும் என்பது எங்கள் கருத்து. ஒவ்வொரு தடுப்பறைக்கும் ஒன்று, குறைந்தது 150 மி.மீ. விட்டம்.

டீசலை வெளியே எடுத்துக் கேன்களில் நிற்க வையுங்கள். மேல் தகட்டில் வட்ட ரம்பத்தால் வெட்டும்போது பல்லில் கெட்டியாக கிரீஸ் தடவுங்கள், சீவல்கள் அதில் ஒட்டிக்கொள்ளும். காற்றோட்டம் வேண்டும். டேங்கில் எப்போதாவது பெட்ரோல் கலந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் வெட்டவே கூடாது. உள்ளே நார் உதிராத துணியாலும் பிளாஸ்டிக் சுரண்டியாலும் மூலை மூலையாகத் துடைத்து, கொஞ்சம் சுத்தமான டீசலால் அலசி, அதையும் உறிஞ்சி எடுங்கள். சோப்புத் தண்ணீர் ஊற்றாதீர்கள், வெளியேற்றப் போகும் எதிரியை நாமே உள்ளே விடுவதாகும்.

துடைத்தபின் தரையை டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீர் தேங்கிய இடத்தில் வெள்ளைப் பொடி பூத்த சிறு குழிகள் இருக்கும். கத்தி முனையால் குத்தினால் ஆழம் தெரியும். தகட்டின் பாதியை எட்டியிருந்தால் புது டேங்குக்குத் தயாராகுங்கள். மூடியின் வாஷர் நைட்ரைலாக இருக்கட்டும். சிலிகான் பசை டீசலில் ஊறி உரிந்துவிடும்.

கேன்களில் நின்ற டீசல் ஒரு வாரத்தில் தெளிந்திருந்தால் மேல் முக்கால் பங்கை ஃபில்டர் வழியாகத் திரும்ப ஊற்றலாம். அடியில் உள்ளதைக் கழிவு எண்ணெய் வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

கேள்வி: முதல் ஃபில்டரில் 2 மைக்ரான் போட்டால் இன்ஜினுக்கு இன்னும் பாதுகாப்புதானே?

பதில்: இல்லை. இன்ஜினோடு வந்த இரண்டாவது ஃபில்டர் நுண்ணிய தூளைப் பிடிக்கவே இருக்கிறது. முதலில் 2 போட்டால் எல்லாச் சுமையும் முதல் ஃபில்டரின் தலையில் விழுந்து சீக்கிரம் அடையும். முதலில் 10 போதும். டேங்கைச் சுத்தம் செய்தபின் முதல் சில வாரங்களுக்கு 30 போடலாம். பயணத்தில் குறைந்தது ஆறு மாற்று ஃபில்டர்கள் கையில் இருக்கட்டும்.

கேள்வி: ஃபில்டர் மாற்றிய பிறகு இன்ஜின் ஸ்டார்ட் ஆகவில்லை. ஸ்டார்ட்டரை விடாமல் சுற்றினேன், பேட்டரிதான் இறங்கியது. டீசல் வழியில் சிக்கிய ஏரை எடுக்கும் முறையைச் சொல்லுங்கள்.

பதில்: இனிமேல் சுற்றுவதற்கு முன், கடல் தண்ணீர் உள்ளே வரும் வால்வை மூடுங்கள். இன்ஜின் பற்றாமல் சுற்றும்போதும் தண்ணீர் பம்ப் வேலை செய்கிறது. அந்தத் தண்ணீரை வெளியே தள்ள எக்ஸாஸ்ட் வாயு இல்லாததால் சைலன்சர் நிரம்பி, தண்ணீர் சிலிண்டருக்கே திரும்பும். ஏர் லாக்கைவிட நூறு மடங்கு பெரிய கோளாறு அது. இப்போதே சைலன்சரின் வடிகால் திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள்.

பிறகு முதல் ஃபில்டரின் கிண்ணத்தைச் சுத்தமான டீசலால் நிரப்பி, ரப்பர் வளையம் சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்து மூடுங்கள். இன்ஜின் ஃபில்டரின் மேலுள்ள ஏர் திருகை இரண்டு சுற்று தளர்த்தி, அடியில் துணி வைத்து, லிஃப்ட் பம்பின் கைப்பிடியை அடியுங்கள். பிடி தளர்வாக, வேலையே செய்யாததுபோல் இருந்தால் உள்ளே பம்பைத் தள்ளும் கேம் (சுழலும் மேடுள்ள தண்டு) தன் மேட்டில் நிற்கிறது. இன்ஜினைக் கையால் ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி அடியுங்கள். முதலில் நுரை வரும், பிறகு குமிழோடு டீசல், பிறகு குமிழில்லாத கெட்டியான ஓட்டம். பம்பை அடித்துக்கொண்டே திருகை இறுக்குங்கள். இன்ஜெக்‌ஷன் பம்பின் திருகிலும் இதையே செய்யுங்கள். எவ்வளவு அடித்தும் நுரை நிற்காவிட்டால் காற்று புதிதாக உள்ளே வருகிறது, பெரும்பாலும் பழைய செம்பு வாஷர் வழியாக. புதிது போடுங்கள். டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள், அதன் துணுக்குகள் இன்ஜெக்டர் வரை போகும்.

இதற்குப் பிறகும் பற்றாவிட்டால், இன்ஜெக்டர்களின் குழாய் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தி, ஆக்சிலரேட்டரை முன்னே தள்ளி, ஸ்டார்ட்டரைப் பத்து பத்து நொடியாக, நடுவில் ஒரு நிமிடம் இடைவெளி விட்டுச் சுற்றுங்கள். நட்டில் டீசல் துளித்துளியாகத் துப்பியதும் ஒவ்வொன்றாக இறுக்குங்கள். அந்தத் துப்பலின் எதிரே கை வேண்டாம், அழுத்தத்தில் தோலைத் துளைத்துவிடும். இன்ஜின் பற்றிய நொடியில் வால்வைத் திறக்க ஒருவரை அதன் மேல் கை வைத்து உட்கார வையுங்கள். எக்ஸாஸ்டிலிருந்து தண்ணீர் துப்புவதைக் கண்ணால் பார்த்த பிறகே இன்ஜின் பெட்டியை மூடுங்கள்.