பழைய குக்கரைத் திருப்பிக் கொடுக்கலாமா?

கேள்வி: பொள்ளாச்சிக் கடையொன்றில் என் தாயார் வாங்கிப் பொங்கல் சீராகக் கொடுத்த ஐந்து லிட்டர் குக்கரின் மூடி, பருப்பு வெந்துகொண்டிருக்கும்போது கழன்று பறந்ததில் என் வலது முன்கை வெந்துவிட்டது. அந்த வகைக் குக்கர்களை நிறுவனமே திரும்பப் பெறுவதாகவும், பழையதைக் கொடுத்தால் புதியது தருவதாகவும் கடைக்காரர் சொல்கிறார். மருத்துவச் செலவைப் பற்றிப் பேச்சே இல்லை. ரசீது தாயார் பெயரில் உள்ளது, நான் வசிப்பதோ கேரளத்தில். கேஸ்கட்டைச் சந்தையில் வாங்கி மாற்றியதும் உண்மை. எனக்கு இழப்பீடு கேட்க உரிமை உண்டா?

- வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: உண்டு. ஆனால் அதற்கு முன், அந்தக் குக்கரைக் கொடுத்துவிடாதீர்கள். மூடி, வெயிட், கேஸ்கட் அனைத்தையும் கழுவாமல், ஒட்டிய பருப்போடு அப்படியே கட்டி வையுங்கள். பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்க நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. சோதிக்கப் பொருளே இல்லையென்றால் உங்கள் வாய்ச்சொல்தான் மிஞ்சும். மூடியிலுள்ள சேஃப்டி வால்வையும் படமெடுத்து வையுங்கள். வெயிட்டின் துளை அடைத்துச் சூடு மிஞ்சும்போது உருகி ஆவிக்கு வழிவிட வேண்டியது அது. அது உருகாமல் முழுசாக இருக்க மூடி மட்டும் பறந்தது ஏன் என்பதற்கு நிறுவனம்தான் பதில் சொல்லியாக வேண்டும்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவரின் சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்துபவரும் நுகர்வோரே. ஆகவே ரசீதில் தாயார் பெயர் இருப்பது தடையாகாது. தயாரிப்பிலோ வடிவமைப்பிலோ குறை இருந்தாலும், போதிய எச்சரிக்கை தராவிட்டாலும் அதனால் ஏற்படும் காயத்துக்குத் தயாரிப்பாளர் பொறுப்பு. கடைக்காரரின் பொறுப்பு குறுகியது: தயாரிப்பாளர் யாரென்றே தெரியாதபோது, அல்லது தமக்கு வந்த எச்சரிக்கையை உங்களிடம் சொல்லாமல் விட்டபோது போன்ற சில நிலைகளில்தான் அவரைப் பிடிக்க முடியும். புதிய குக்கர் பழைய குக்கருக்கு ஈடு, கைக்கு ஈடல்ல. அதை வாங்கும்போது 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று எழுதிய தாளில் மட்டும் கையெழுத்திட வேண்டாம்.

உங்கள் வழக்கில் சிக்கலான இடம் கேஸ்கட்தான். பொருள் மாற்றப்பட்டிருந்தது, தவறாகக் கையாளப்பட்டது என்றே எதிர்த்தரப்பு வாதிடும். ஆவி அடங்குமுன் திறந்தீர்களா என்றும் கேட்கும். மறைக்காமல் மனுவிலேயே சொல்லிவிடுங்கள். மூடியின் பூட்டிலோ வால்விலோ குறை என ஆய்வில் தெரிந்தால் அந்த வாதம் வலுவிழக்கும். ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். 2021 பிப்ரவரி முதல் வீட்டுக் குக்கர்களுக்கு அது கட்டாயம்.

பொள்ளாச்சிக்கோ கோவைக்கோ அலைய வேண்டியதில்லை. நீங்கள் வசிக்கும் இடத்திலேயே மனு செய்யலாம் என்பதால் பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். மாவட்டம், மாநிலம், தேசியம் என மூன்று நிலைகளில் எந்த ஆணையம் என்பதும், மனுக் கட்டணம் எவ்வளவு என்பதும் கேட்கும் இழப்பீட்டைப் பொறுத்தவை அல்ல, பொருளுக்குக் கொடுத்த விலையைப் பொறுத்தவை. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமே இல்லை. காயம்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். மருத்துவச் சீட்டுகள், புண்ணின் படங்கள், வேலைக்குப் போகாத நாட்களின் கணக்கு ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். பொள்ளாச்சி ரசீது தமிழில் இருந்தால் அதன் ஆங்கில அல்லது மலையாள மொழிபெயர்ப்பையும் இணைத்துக் கொடுங்கள்.