ஏமாற்றம் வேறு, ஏமாற்று வேறு

கேள்வி: நான் பிரான்சில் பிறந்து, பள்ளி முதல் கல்லூரி வரை பிரெஞ்சிலேயே படித்தவள். இப்போது வேலை பார்க்கும் அலுவலகத்தில் எல்லாம் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. கேட்டிருந்த பொறுப்பு எனக்குக் கிடைக்காமல் போனபோது, 'மை டிசெப்ஷன் இஸ் கிரேட்' என்று மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். அவரோ யார் யாரை ஏமாற்றினார்கள் என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார். மகிழ்ச்சியைச் சொல்லும்போது இப்படித் தடுமாறுவதில்லை. வருத்தம், கோபம், பயம் ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களை எங்கிருந்து கற்கத் தொடங்குவது?

பதில்: மேலாளர் மீது தவறில்லை. பிரெஞ்சில் 'தெசெப்சியோன்' என்பது எதிர்பார்த்தது நடக்காமல் போனதால் வரும் வருத்தம். ஆங்கிலத்தில் 'டிசெப்ஷன்' என்பது ஒருவரை வேண்டுமென்றே ஏமாற்றும் செயல். தமிழிலும் 'ஏமாற்றம்' என்ற சொல் இரண்டு பக்கமும் சாயக்கூடியது என்பதால், உங்கள் காதுக்கு அந்த வாக்கியம் உறுத்தியிருக்காது. நீங்கள் எழுதியிருக்க வேண்டியது 'ஐ ஆம் டிஸப்பாயின்டட்' என்பதுதான்.

உங்கள் சிக்கல் தெரியாத சொற்களால் வருவதன்று, தெரிந்தவை போலத் தோன்றும் சொற்களால் வருவது. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தை வென்றபின், சில நூற்றாண்டுகள் அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு செல்வாக்குடன் இருந்ததால், உணர்ச்சிகளைக் குறிக்கும் பல சொற்கள் அங்கிருந்து ஆங்கிலத்துக்குள் வந்தன. அதன்பின் இரு மொழிகளிலும் அவை தத்தம் வழியில் பொருள் மாறின. எழுத்து அப்படியே நின்றுவிட்டதால் பிரெஞ்சுக்காரர்கள் அகராதியைத் திறப்பதே இல்லை. ஆங்கிலச் சொல்லே தெரியாத ஒருவர் குறைந்தபட்சம் யாரிடமாவது கேட்டுவிட்டு எழுதுவார்.

அலுவலகத்தில் அதிகம் வம்பில் மாட்டிவிடும் சொல் 'கிரீஃப்' என்பேன். பிரெஞ்சில் இதே எழுத்துகளைக் கொண்ட சொல் ஒருவர் மீது நமக்குள்ள மனக்குறையைக் குறிக்கும். ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் நெருங்கியவரைப் பறிகொடுத்த துயரம். நிர்வாகத்தின் மீதான குறைகளைப் பட்டியலிட்டு 'மை கிரீஃப்ஸ்' என்று தலைப்பிட்டால், படிப்பவர் உங்கள் வீட்டில் சாவு விழுந்ததோ என்று பதறுவார். அங்கே வேண்டிய சொல் 'கிரீவன்ஸ்'. 'அன்ழூர்' என்றால் பிரெஞ்சில் திட்டு, வசை. ஆங்கில 'இன்ஜரி'யோ உடம்பில் பட்ட காயம். எரிச்சலைக் குறிக்கும் 'எனெர்வே'யை 'எனர்வேட்டட்' என்று ஆங்கிலமாக்கினால், தெம்பெல்லாம் வடிந்து சோர்ந்துபோனதாகப் பொருளாகிவிடும். 'அகொனி' பிரெஞ்சில் உயிர் பிரியும் தறுவாய். ஆங்கிலேயர்கள் பல்வலிக்கும் தேர்வு முடிவுக்கும்கூட 'அகனி' என்பார்கள், அதைக் கேட்டு நீங்கள் பதற வேண்டியதில்லை. எளிதில் புண்படுபவரைப் பிரெஞ்சில் 'சான்சீப்ள்' என்பீர்கள். அதையே ஆங்கில உச்சரிப்பில் 'சென்சிபிள்' என்றால் விவேகமானவர் என்று பாராட்டியதாக ஆகிவிடும்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். அன்றாடப் பேச்சில் திரும்பத் திரும்ப வரும் சிறிய சொற்களிலிருந்து தொடங்குங்கள்: சேட், ஆங்ரி, அப்செட், வொரிட், ஸ்கேர்ட், ஹர்ட், அஷேம்ட். இவற்றுள் பெரும்பாலானவை பிரெஞ்சிலிருந்து வராதவை; 'ஆங்கர்' பழைய ஸ்காண்டிநேவிய மொழியிலிருந்து வந்தது, 'சேட்' பழைய ஆங்கிலச் சொல். உங்கள் நாக்குக்கு 'மெலன்காலிக்', 'ஃபியூரியஸ்' போன்றவை எளிதாக வரும் என்பது உண்மைதான், ஆனால் முதலாவது சாதாரணப் பேச்சில் கவிதை வாசிப்பது போல ஒலிக்கும், இரண்டாவது சிறு மனத்தாங்கலையும் பெருஞ்சண்டையாக்கிவிடும். மேலும், ஒவ்வொரு சொல்லையும் அதன் பின்னால் வரும் இடைச்சொல்லோடு சேர்த்தே மனத்தில் பதியுங்கள்: 'அஃப்ரெய்ட் ஆஃப்', 'வொரிட் அபவுட்', 'அஷேம்ட் ஆஃப்', ஆளின் மீதான கோபமென்றால் 'ஆங்ரி வித்'. சொல்லை மட்டும் தனியே மனப்பாடம் செய்தவர்கள், வாக்கியத்தின் நடுவில் 'ஆஃப்' வருமா 'ஃபார்' வருமா என்று திகைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: 'ஐ ஹேவ் ஃபியர்' என்றும், 'ஐ ஆம் போரிங்' என்றும் என் பிரெஞ்சு நண்பர் சொல்லும்போது எல்லோரும் சிரிக்கிறார்கள். இலக்கணப்படி என்ன தவறு?

பதில்: பிரெஞ்சில் பயமும் வெட்கமும் ஒருவரிடம் 'இருப்பவை'. 'அவுவார் பேர்', 'அவுவார் ஓந்த்' என்று, கையில் பணம் இருப்பதைச் சொல்லும் அதே வினையால்தான் அவற்றைச் சொல்கிறார்கள். ஆங்கிலத்திலோ பயம் ஒருவரின் நிலை. அதனால் 'ஐ ஆம் அஃப்ரெய்ட்'. தமிழர்களாகிய நாம் 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று மூன்றாவது வழியில் போகிறோம் என்பதால், நாமும் இவ்விஷயத்தில் பெருமை கொள்ள ஒன்றுமில்லை.

அலுப்பைப் பொறுத்தவரை பிரெஞ்சில் பெரும்பாலும் 'ழெ மான்னுயி' என்று வினையால் சொல்லிவிடுவதால், ஆங்கிலப் பெயரடையைத் தேடும்போது கைக்குக் கிடைத்ததை எடுத்துவிடுகிறார்கள். 'எட்' என்று முடிந்தால் உணர்பவர், 'இங்' என்று முடிந்தால் அந்த உணர்ச்சியை உண்டாக்குவது. ஆகவே உங்கள் நண்பர் தமக்கு அலுக்கிறது என்று சொல்லவில்லை, தாம் அறுவை என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்.

பிரிவைச் சொல்லும்போது இதைவிடப் பெரிய குழப்பம் காத்திருக்கிறது. 'து மெ மாங்க்' என்பதில் எழுவாய் 'நீ'. நீ எனக்கு இல்லாமலிருக்கிறாய் என்பது அதன் அமைப்பு. அதை வரிசை மாறாமல் பெயர்த்து 'யூ மிஸ் மீ' என்றால், நீதான் என்னை நினைத்து ஏங்குகிறாய் என்று எதிராளியின் தலையில் கட்டியதாகிவிடும். ஆங்கிலத்தில் ஏங்குபவரே எழுவாய்: 'ஐ மிஸ் யூ'.

கேள்வி: கோபத்தின் அளவை எப்படித் தெரிந்துகொள்வது? 'அனாய்ட்', 'ஆங்ரி', 'மேட்' எல்லாம் ஒன்றுதானா?

பதில்: ஒன்றல்ல. 'அனாய்ட்' சிறு எரிச்சல். பிரெஞ்சின் 'ஆன்னுயி'க்கும் இதற்கும் வேர் ஒன்றே, ஆனால் அலுப்பு என்ற பொருள் ஆங்கிலச் சொல்லில் இல்லை. 'ஆங்ரி' அதற்கு மேல், 'ஃபியூரியஸ்' உச்சியில். 'மேட்' என்றால் அமெரிக்கர்களுக்குக் கோபம், பிரிட்டனில் பெரும்பாலும் கிறுக்கு. 'பிஸ்ட்' என்பதை அமெரிக்கத் தொடர்களில் கேட்டுவிட்டு அலுவலகத்தில் பயன்படுத்தாதீர்கள்; நாகரிகமற்ற சொல் என்பதோடு, பிரிட்டனில் அதற்குக் குடித்துத் தள்ளாடுகிறார் என்று பொருள். இன்னொன்று: ஆங்கிலேய மேலாளர் 'எ பிட் டிஸப்பாயின்டட்' என்று எழுதினால், அந்த 'எ பிட்' என்பதை நம்பி அந்தக் கடிதத்தை நாளைக்கு ஒத்திப்போடாமல் அன்றே பதில் எழுதிவிடுங்கள்.