சிவப்புச் சாக்கில் மனித உருவம்: விரலால் தேய்க்கலாமா?

கேள்வி: இத்தாலிய ஓவியர் மைக்கலாஞ்சலோ சிவப்புச் சாக்கில் (chalk, வரையும் கட்டி) வரைந்த லிபிய சிபில் என்ற பழங்காலத் தீர்க்கதரிசிப் பெண்ணின் முதுகைப் பார்த்து வரைந்து பழகுகிறேன். பேஸ்டல் குச்சியால் வரைந்து விரலால் தேய்த்தால், தசைகள் எல்லாம் ஒரே மங்கலாகிவிடுகின்றன. எங்கே தவறு?

பதில்: முதல் தவறு குச்சியில் இருக்கிறது. அக்கால இத்தாலிய ஓவியர்களின் சிவப்புச் சாக், நிறப்பொடியைப் பசையிட்டு உருட்டிய பேஸ்டல் அன்று. இரும்பு ஆக்சைடு செறிந்த களிமண் கல்லைத் தோண்டியெடுத்துக் குச்சியாக அறுத்தது. நம் காவிக்கல்லுக்கு நெருங்கிய உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கூராகச் சீவிக்கொள்ளலாம் என்பதால் மயிரிழைக் கோடும், பக்கவாட்டில் சாய்த்தால் அகலமான நிழலும் ஒரே குச்சியில் கிடைத்தன. இன்று ‘சாங்குயின்’ என்ற பெயரில் விற்கும் கெட்டியான குச்சியோ பென்சிலோ வாங்குங்கள். தாள் வழவழப்பாக இல்லாமல், பொடியைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்குச் சற்றே சொரசொரப்பாக இருக்கட்டும்.

இனி வரையும் முறை. வத்திக்கானிலுள்ள சிஸ்டைன் ஆலயத்தின் கூரை ஓவியத்துக்காக 1510-11 அளவில் வரையப்பட்டு, இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள அந்தத் தாள் சுமார் 29 சென்டிமீட்டர் உயரமே கொண்டது. கூரையில் பெண்ணாக இருப்பவளுக்கு இங்கே மாதிரியாக அமர்ந்தவர் ஓர் ஆண். தோள்பட்டை எலும்பைச் சுற்றியுள்ள பகுதியைப் பெரிதாக்கிப் பாருங்கள்: நெருக்கமான கோடுகள் தசையின் வளைவோடு சேர்ந்து வளைகின்றன, பள்ளத்தில் அவை அடர்ந்து, மேட்டில் விலகி, ஒளி விழும் இடத்தில் வெறும் தாளையே விட்டுவிடுகின்றன. நீங்கள் விரலால் தேய்க்கும்போது அழிவது இந்தத் திசைதான், திசை போனால் தசையும் போய்விடும். எனவே அழுத்தாமல் ஒரு படலம் கோடு போட்டு, நிழல் வேண்டிய இடத்தில் மட்டும் அதன்மேல் இன்னொரு படலம் போடுங்கள். சிவப்புச் சாக் முழுமையாக அழியாது, ஆகவே தொடக்கக் கோடுகள் மெலிதாகவே இருக்கட்டும்.

முழு உருவத்தையும் ஒரே மூச்சில் வரைய வேண்டியதில்லை. மைக்கலாஞ்சலோவே முகத்தையும் கையையும் பாதத்தையும் அதே தாளின் ஓரங்களில் தனித்தனியே வரைந்து பார்த்திருக்கிறார். உடலின் பாரம் ஏறும் கால் கட்டைவிரலை அவர் விடவே இல்லை. நீங்களும் ஒரு வாரம் இடது தோளை மட்டும் வரையலாம். மூல ஓவியத்தில் அங்கேதான் வெள்ளைச் சாக் துளித்துளியாகத் தொட்டிருக்கிறது. அதைக் கடைசியில் தொடுங்கள். சிவப்போடு குழைந்தால் இளஞ்சிவப்புச் சேறாகிவிடும். முடித்த தாள்களை அடுக்கும்போது இடையில் பட்டர் பேப்பர் வையுங்கள், இல்லாவிட்டால் மேல்தாளின் பின்புறத்தில் சிபிலின் முதுகு இடம்வலம் மாறி ஒட்டியிருக்கும்.