நடுக்கம் குளிராலா, சர்க்கரை இறங்கியதாலா?

கேள்வி: எனக்கு வயது 57. பல வருடங்களாகச் சர்க்கரை நோய் உண்டு. காலையில் கிளிமிபிரைடு மாத்திரை, இரவு 9 மணிக்கு கிளார்ஜின் இன்சுலின். கொஞ்ச நாளாகப் பாதங்களில் மதமதப்பு இருக்கிறது. துருவ ஒளி பார்க்க ஜனவரியில் நார்வேயின் ட்ரோம்சோவுக்கு மகன் கூப்பிடுகிறான். அந்தக் குளிரை என் உடம்பு தாங்குமா?

பதில்: போகலாம். ஆனால் டிக்கெட் போடும் முன் பாதங்களையும் இதயத்தையும் உங்கள் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். காலில் ஆறாத புண் இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவதே நல்லது.

ட்ரோம்சோ ஆர்க்டிக் வட்டத்துக்குள் இருந்தாலும், வெதுவெதுப்பான கடல் நீரோட்டத்தால் ஜனவரி சராசரி மைனஸ் 4 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். சிக்கல் ஊருக்கு வெளியே. மேகமில்லாத வானத்தைத் தேடிச் சுற்றுலா வேன்கள் சில நாட்களில் பின்லாந்து எல்லை வரை போகும். அங்கே மைனஸ் 20 சாதாரணம். அதில் நள்ளிரவு தாண்டியும் நிற்க வேண்டியிருக்கலாம்.

எனக்குக் குளிரைவிட உங்கள் மாத்திரையும் ஊசியும்தான் கவலை. இரண்டுமே சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடலாம். சர்க்கரை இறங்கினாலும் நடுங்கும், குளிரிலும் நடுங்கும். சர்க்கரை இறங்கும்போது வரும் வியர்வையோ நாலு அடுக்கு உடைக்குள் வெளியே தெரியாது. நீங்கள் குளிர் என்று நினைத்துச் சும்மா நின்றுவிடலாம். அதனால் வேன் ஏறும் முன் வயிறாரச் சாப்பிடுங்கள். சந்தேகம் வந்தால் வேனுக்குள் போய், விரல்களைச் சூடாக்கிக்கொண்டு சோதியுங்கள். குளுக்கோமீட்டரையும் கோட்டுக்குள்ளேயே வைத்திருங்கள்; பல மீட்டர்கள் 10 டிகிரிக்குக் கீழே சரியாக வேலை செய்யாது. சோதிக்க முடியாவிட்டால் யோசிக்காமல் குளுக்கோஸைச் சாப்பிட்டுவிடுங்கள். "ஒரு பெக் போட்டால் சூடாக இருக்கும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மது உடல் சூட்டையும் இறக்கும், சர்க்கரையையும் இறக்கும்.

இன்சுலின் ஒருமுறை உறைந்தால் குப்பைதான். உருகிய பிறகு பார்க்க நன்றாக இருந்தாலும் போடக்கூடாது. விமானத்தில் கைப்பையில் வையுங்கள், வெளியே போகும்போது உள்சட்டைப் பையில். அங்கே நேரம் நம்மைவிட நாலரை மணி பின்னால். ஒரு வாரப் பயணம்தானே, ஊசி நேரத்தை மாற்றாமல் நம்மூர்க் கணக்கிலேயே போடலாம். நம் இரவு 9 மணி அங்கே மாலை 4.30, அப்போது பெரும்பாலும் ஹோட்டலில்தான் இருப்பீர்கள். மாத்திரை மட்டும் அந்த ஊர்க் காலை உணவோடு. இந்த ஏற்பாட்டை உங்கள் டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் பாதம். மதமதப்பு உள்ள காலுக்குப் பனிக்கடியும் (கடுங்குளிரில் சதை உறைந்துபோவது) தெரியாது, தீக்காயமும் தெரியாது. சுற்றுலாக்காரர்கள் மூட்டும் நெருப்பருகே கால் நீட்டி உட்காராதீர்கள். சூடு தரும் பைகளை பூட்ஸுக்குள் வைக்காதீர்கள். இறுக்கமான ஷூவுக்குள் இரண்டு சாக்ஸைத் திணித்தால் ரத்த ஓட்டம்தான் குறையும். ஒரு சைஸ் பெரிய பூட்ஸும் கம்பளி சாக்ஸும் போதும். தினமும் இரவில் பாதங்களை வெளிச்சத்தில் பாருங்கள், அடிப்பாதத்தை மகன் பார்க்கட்டும். தெருவில் ஐஸ் வழுக்கும். ஷூவுக்கு அடியில் மாட்டும் முள்பட்டை அங்கேயே கிடைக்கும்.

நார்வே போகத் தேவையான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். மலிவான பாலிசிகள் பலவற்றில் ஏற்கெனவே உள்ள நோய் சேராது. உங்கள் சர்க்கரை நோயைச் சொல்லி எடுங்கள். நார்வேயில் ஆம்புலன்ஸ் எண் 113.