விளையாட்டைத் தொடாமல் 'அட்வென்ட் சில்ட்ரன்' படத்தை நேராகப் பார்க்கலாமா?

'ஃபைனல் ஃபேண்டஸி 7' வீடியோ கேமைத் தொட்டதே இல்லை, அதன் தொடர்ச்சியாக வந்த 'அட்வென்ட் சில்ட்ரன்' அனிமேஷன் படத்தை மட்டும் பார்த்தால் புரியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

புரியாது. அதைவிட முக்கியம், வலிக்காது. வலிக்காவிட்டால் அந்தப் படத்தில் பெரிதாக எதுவும் மிஞ்சாது. முதலில் விளையாடுங்கள் என்றுதான் சொல்வேன். ஏன் என்று விளக்கப் போனால் கதையைப் போட்டு உடைத்தாக வேண்டும். முடிவு முன்கூட்டித் தெரியக் கூடாது என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

1997 ஜனவரியில் ஜப்பானில் பிளேஸ்டேஷனுக்கு வந்த கேம் அது. மூன்று குறுந்தகடுகள். கோளின் உயிராற்றலை உறிஞ்சி மின்சாரமாக்கி விற்கும் ஷின்ரா நிறுவனம், அதை எதிர்க்கும் ஒரு சிறு குழு, அந்தக் குழுவுக்குக் கூலிக்கு வந்து சேரும் கிளவுட் என்ற வாள்வீரன், மிட்கார் நகரில் பூ விற்கும் ஏரித் என்ற பெண். யாருக்கும் குரல் கிடையாது, எல்லாம் எழுத்துதான். நடமாடும்போது, விரல்கூட இல்லாமல் கட்டைகளை ஒட்டிச் செய்த பொம்மைகளாகத்தான் தெரிவார்கள். இருந்தும் அந்தப் பூக்காரி மனத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள். சண்டைக்குச் சண்டை அவளை வளர்க்கிறோம், அவளுக்கென்று ஆயுதம் தேடி வாங்குகிறோம், அடிபட்டவர்களைக் குணப்படுத்த அவளைத்தான் நம்பியிருக்கிறோம்.

முதல் குறுந்தகட்டின் கடைசியில் அவள் இறந்துபோகிறாள்.

நீருக்கு நடுவே ஒரு மேடையில் மண்டியிட்டுப் பிரார்த்தனை செய்துகொண்டிருக்கிறாள். கிளவுட்டை அவளருகே கொண்டுபோவது நாம்தான். அந்த நேரத்தில் அவன் மனம் அவன் வசம் இல்லை. நாம் பொத்தானை அழுத்த அழுத்த, அவன் கை அவளுக்கு எதிராகவே வாளை ஓங்குகிறது. தோழர்கள் கத்தியதும் சுதாரிக்கிறான். அவள் கண் திறந்து அவனைப் பார்த்துப் புன்னகைக்கிறாள். மேலிருந்து, உலகையே அழிக்கத் துடிக்கும் வில்லன் செஃபிரோத் இறங்கி, அவள் முதுகில் வாளைப் பாய்ச்சிவிடுகிறான். கூந்தலில் முடிந்திருந்த வெண்மணி கழன்று, படிப்படியாகத் துள்ளி விழுந்து நீரில் மறைகிறது. நோபுவோ உயெமட்சு அவளுக்காக இசையமைத்த மெட்டு அப்போதுதான் எழுகிறது. அடுத்து உடனே ஒரு சண்டை. வழக்கமான போர் முழக்கம் ஒலிக்காது, அதே மெல்லிய மெட்டு சண்டை முழுவதும் ஓடிக்கொண்டிருக்கும்.

அந்தச் சண்டையை எப்படி முடித்தேன் என்று எனக்கு நினைவில்லை. முடிந்ததும் குழுப் பட்டியலைத் திறந்தேன். அவள் பெயர் இல்லை. சேமித்து வைத்த இடத்திலிருந்து மறுபடி ஆடினேன், வேறு பதில்களைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தேன், அதே மேடை, அதே வாள். அவளை உயிர்ப்பிக்க ஒரு ரகசிய வழி உண்டு என்ற வதந்தியை நம்பி எத்தனையோ பேர் ஆண்டுக்கணக்கில் தேடினார்கள். அப்படி ஒரு வழி இல்லவே இல்லை. மூன்றாம் குறுந்தகட்டில், அவள் பூ வளர்த்த தேவாலயத்துக்குத் திரும்பிப் போனால், பூக்களுக்கிடையே அவள் உருவம் ஒரு கணம் தோன்றி மறையும். கேம் நமக்குத் தரும் ஆறுதல் அவ்வளவுதான்.

உலகம் பிழைத்துக்கொள்கிறது. கிளவுட் அழுது தீர்த்தானா என்பதைச் சொல்லாமலே கேம் 500 ஆண்டுகள் தாண்டிப் போய்விடுகிறது. கூட்டாளிகளில் ஒருவனான நானகி என்ற விலங்கு தன் குட்டிகளோடு மலை விளிம்பில் நின்று, பச்சை படர்ந்த மிட்காரின் இடிபாடுகளைப் பார்ப்பதோடு எல்லாம் முடிகிறது.

படம் தொடங்குவதும் அந்தக் காட்சியில்தான். உடனே '498 ஆண்டுகளுக்கு முன்' என்று திரையில் எழுத்து வருகிறது. இறுதிப் போர் முடிந்து இரண்டு ஆண்டுகள் என்று கணக்கு. கேம் தாவிச் சென்ற இடைவெளிக்குள் படம் நம்மை இறக்கிவிடுகிறது. அந்த எண்ணைப் பார்த்ததும் மனத்துக்குள் கழித்துப் பார்த்து, நெஞ்சு அடைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்களுக்காகத்தான் இதை எடுத்திருக்கிறார்கள்.

இதற்கு ஒரு பின்னணியும் உண்டு. எந்தக் கேமின் கதையையும் தொடாமல், எல்லோரும் பார்க்கலாம் என்று 2001இல் இதே தொடரின் பெயரில் ஒரு படம் வந்தது. செலவு 13.7 கோடி டாலர், உலக வசூல் சுமார் 8.5 கோடி டாலர். அந்த அடிக்குப் பிறகு வந்த 'அட்வென்ட் சில்ட்ரன்' திரையரங்கை நம்பவில்லை. 2005 செப்டம்பரில் ஜப்பானில் டிவிடியாகவே வெளிவந்தது. கேமின் பாத்திரங்களை வரைந்த டெட்சுயா நொமுராவே இயக்கினார். கேமின் கதையை எழுதியவர்களில் ஒருவரான கசுஷிகே நொஜிமா திரைக்கதை எழுதினார். புதியவர்களுக்கு எதையும் விளக்கிக்கொண்டிருக்க அவர்கள் விரும்பவில்லை என்பது முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

கதை எளிது. ஜியோஸ்டிக்மா என்ற நோய் பரவுகிறது, உடலில் கருமையாகக் கசியும் புண்கள், மருந்து இல்லை. அனாதைச் சிறுவன் டென்செலுக்கு அது வந்திருக்கிறது. கிளவுட்டுக்கும் வந்திருக்கிறது, இடக்கையைத் துணியால் மறைத்துக்கொண்டு, சிறுவயதுத் தோழி டிஃபாவும் குழந்தைகளும் இருக்கும் வீட்டை விட்டு வந்து, ஏரித்தின் தேவாலயத்தில் தனியாகப் படுத்துக் கிடக்கிறான். யார் அழைத்தாலும் தொலைபேசியை எடுப்பதில்லை. அவன் கையிலும் டிஃபாவின் கையிலும் ஓர் இளஞ்சிவப்பு ரிப்பன் கட்டியிருக்கும். படத்தில் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. விளையாடியவருக்கு அது ஏரித்தின் கூந்தல் ரிப்பன் நிறம். விளையாடாதவருக்கு அது வெறும் உடை அலங்காரம்.

இன்னொரு காட்சி. அந்தத் தேவாலயத்தில் டிஃபா லாஸ் என்ற முரடனோடு மோதுகிறாள். அவனைத் தூக்கி அடித்து வீழ்த்தியதும், கேமில் ஒவ்வொரு சண்டையையும் வென்றபின் ஒலிக்கும் வெற்றி இசை கேட்கிறது. அப்பாடா என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிறகுதான் தெரிந்தது, அது அவனுடைய தொலைபேசி மணி. இடிபாடுகளுக்குள்ளிருந்து எழுந்து பேசுகிறான், சண்டை முடியவில்லை. பல நூறு முறை அந்த இசையைக் கேட்டுப் பழகிய காதுதான் அங்கே ஏமாறும். கேமை அறியாதவருக்கு அது ஒரு ரிங்டோன், அவ்வளவே.

குறைகள் இல்லாமல் இல்லை. படத்தின் எதிரிகளான கடாஜ், லாஸ், யாஸூ மூவரும் யார், எங்கிருந்து வந்தார்கள் என்பது அரைகுறையாகத்தான் சொல்லப்படுகிறது. கேமில் ஒரு தாக்குதலில் மாண்டதாக நாம் நினைத்த ஷின்ரா தலைவன் ரூஃபஸ், எப்படித் தப்பினேன் என்று சொல்ல வாயெடுக்கும்போதே பேச்சு வெட்டப்படுகிறது. சண்டைகளில் சில, கண் பின்தொடர முடியாத வேகத்தில் போகின்றன. யார் யாரை அடிக்கிறார்கள் என்று தேட வேண்டியிருக்கிறது. இவற்றை நான் ஒப்புக்கொள்கிறேன்.

ஒப்புக்கொள்ளாத குற்றச்சாட்டு ஒன்று உண்டு: கேமின் முடிவில் தன்னை மீட்டுக்கொண்ட கிளவுட்டைப் படம் மறுபடி சோகத்தில் தள்ளிவிட்டது என்பது. துக்கம் ஒருமுறை அழுததோடு போய்விடுமா? உலகத்தைக் காப்பாற்றும் வேலை இருந்தவரை அவனுக்கு அழ நேரமில்லை. வேலை முடிந்தது, வீடு அமைந்தது, காப்பாற்ற வேண்டிய ஒரு பிள்ளையும் வந்தது. அப்போதுதான், இவனையும் காப்பாற்ற முடியாமல் போகுமோ என்ற பயம் வருகிறது. இழப்பைக் கண்டவர்கள் இதைப் பொய் என்று சொல்ல மாட்டார்கள்.

படத்தின் உயிர் என்று நான் கருதும் இடம், கிளவுட்டின் தொலைபேசி நீரில் விழும் காட்சி. ஏரித் மாண்ட அதே இடத்தில், சண்டையில் நழுவி விழுந்து மெல்ல மூழ்குகிறது. கிளவுட் பதில் சொல்லாத செய்திகள் ஒவ்வொன்றாக ஒலிக்கின்றன. கடைசியில் ஒலிப்பது அவளுடைய குரல். தான் அவனை ஒருபோதும் குறை சொன்னதில்லை என்கிறாள். பொத்தானை அழுத்தி அவனை அந்த மேடைக்கு நடத்திக்கொண்டு போனவன் நான். அந்தச் சொல் எனக்கும் சேர்த்துச் சொல்லப்பட்டதாகவே இன்றுவரை நினைக்கிறேன். பிறகு, ராட்சதப் பறவைநாகம் ஒன்றை வீழ்த்த, நண்பர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கிளவுட்டை வானத்துக்குத் தூக்கி எறிவார்கள். உச்சியில் எல்லோர் கையும் தீர்ந்தபின் இன்னொரு கை நீளும். யாருடையது என்று சொல்லத் தேவையில்லை, அந்த வளையல்கள் போதும்.

எந்தப் பதிப்பு என்று கேட்டால், 2009இல் புளூ-ரேயில் வந்த 126 நிமிட 'கம்ப்ளீட்' பதிப்பைப் பாருங்கள். கூடுதலாக வந்த 26 நிமிடங்களில் டென்செலின் கதை நிமிர்ந்து நிற்கிறது. கேமுக்கு 2020இலும் 2024இலும் வந்த மறு ஆக்கங்கள் அழகானவை, ஆனால் நிகழ்ச்சிகளை ஆங்காங்கே மாற்றிச் சொல்கின்றன. இந்தப் படத்துக்கு 1997இன் மூலக் கேம்தான் வேண்டும். இப்போது அது கணினியிலும் கைப்பேசியிலும்கூடக் கிடைக்கிறது. மொழி தெரியாமல் தடுமாறினாலும் அவசரப்படாமல் ஆடுங்கள். முடித்த அன்றே படத்தைப் போட வேண்டாம், ஒரு வாரமாவது போகட்டும். பிறகு இரவில், இயர்போன் மாட்டிக்கொண்டு, தனியாகப் பாருங்கள்.