வார்டு போனையும் சாவி மாதிரி கைமாற்றுங்கள்

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் 60 படுக்கை மருத்துவமனை ஒன்றில் நர்சிங் சூப்பரின்டெண்டென்டாக இருக்கிறேன். போன வருடம் வார்டுக்கு ஒன்றாக 9 செல்போன் வாங்கித் தந்தார்கள். 2 தொலைந்துவிட்டன, ஒன்றுக்கு டிஸ்ப்ளே போய்விட்டது. ராத்திரி அழைத்தால் பாதி நேரம் எடுப்பதில்லை. ரிப்போர்ட்டுகளைச் சொந்த வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் நிற்கவில்லை. தொலைந்த போனின் விலையை டியூட்டி சிஸ்டர்களின் சம்பளத்தில் பிடிக்கலாமா என்று நிர்வாகம் கேட்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: சம்பளத்தில் கை வைக்க வேண்டாம். ஒருவரிடம் பொறுப்பாக ஒப்படைத்த பொருள் அவருடைய கவனக்குறைவால் தொலைந்தால் மட்டுமே, அதுவும் அவர் விளக்கத்தைக் கேட்ட பிறகே, பிடித்தம் செய்யச் சட்டம் இடம் தருகிறது. உங்கள் 9 போன்களில் ஒன்றையாவது யாரிடமாவது கையெழுத்து வாங்கிக் கொடுத்தீர்களா? இல்லையென்றால் அது யார் பொறுப்பிலும் இருக்கவில்லை. பிடித்தம் என்று ஆரம்பித்தால் அடுத்த போன் தொலையும்போது பயந்து மறைப்பார்கள். மூன்று நாள் கழித்துத்தான் உங்களுக்குத் தெரியவரும். அதற்குள் அதிலிருக்கும் நோயாளிகளின் விவரம் எங்கே போயிருக்குமோ!

இன்னொன்றை யோசித்துப் பாருங்கள். மார்ஃபின் வைக்கும் அலமாரியின் சாவி உங்கள் வார்டில் தொலைந்திருக்கிறதா? தொலைந்திருக்காது. ஷிப்ட் மாறும்போது இரண்டு சிஸ்டர்கள் நின்று ஆம்பூலை எண்ணி, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, சாவியைக் கையில் கொடுக்கிறார்கள். போனை மட்டும் மேசையில் வைத்துவிட்டுப் போகிறார்கள். வித்தியாசம் அவ்வளவுதான். அதே பதிவேட்டில் போனுக்கும் ஒரு பத்தி சேருங்கள்: சார்ஜ் எத்தனை சதவீதம், கீறல் உண்டா, வாங்கியவர் யார். வாங்குகிறவர் அங்கே நின்றபடியே இன்டர்காமிலிருந்து அந்த போனுக்கு ஒரு ரிங் கொடுத்துப் பார்க்கட்டும். அரை நிமிட வேலை. சைலன்ட்டில் கிடந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், ராத்திரி ஒரு மணிக்கு லேப் டெக்னீஷியன் மாடிப்படி ஏறி மூச்சுவாங்க வார்டுக்கு வந்தார். "மூணு தடவ விளிச்சேன் சிஸ்டர், யாரும் எடுக்கல்ல." கையில் ஒரு துண்டுச்சீட்டு. ரத்தத்தில் பொட்டாசியம் 6.8, இதயத்தையே நிறுத்திவிடக்கூடிய அளவு. போன் டிராயரில், பஞ்சு உருளைக்கு அடியில், சைலன்ட்டில் கிடந்தது. அவர் நடந்து வந்ததால் அந்த நோயாளி பிழைத்தார். அந்த சிஸ்டர் மீது தப்பே இல்லை. மாலை ஷிப்டில் யாரோ சத்தத்தைக் குறைத்திருக்கிறார்கள், கைமாறும்போது யாரும் பார்க்கவில்லை.

அதனால், எதை அழைத்துச் சொல்ல வேண்டும், எதை மெசேஜில் அனுப்பலாம் என்பதையும் எழுதி ஒட்டுங்கள். ஆபத்தான லேப் முடிவுக்கு எப்போதும் அழைப்புதான். குரூப்பில் போட்டால் எல்லாரும் பார்ப்பார்கள், யாரும் செய்ய மாட்டார்கள். இரண்டு முறை எடுக்கவில்லையென்றால் நர்சிங் ஸ்டேஷன் இன்டர்காம், அதுவும் இல்லையென்றால் ஆள் நேரில் போக வேண்டும். டாக்டர் போனில் மருந்து சொன்னால் எழுதிக்கொண்டு திருப்பி வாசித்துக் காட்ட வேண்டும். ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் போனில் ஒன்றுபோலக் கேட்கும். 'ஒன், ஃபைவ்' என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லிப் பழக்குங்கள்.

வாட்ஸ்அப் விஷயத்தில் திட்டிப் பயனில்லை. வார்டு போனில் வசதி சரியாக இருந்தால்தான் சொந்த போனை விடுவார்கள். வார்டு போனில் படங்கள் கேலரியில் தானாகச் சேர்வதையும் கூகுள் போட்டோஸுக்குப் போவதையும் நிறுத்துங்கள். 'லிங்க்டு டிவைசஸ்' பகுதியை வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். யாராவது தன் லேப்டாப்பில் இணைத்துவிட்டு மறந்திருக்கலாம். வேலையை விட்டுப் போகிறவரை அன்றே குரூப்பிலிருந்து நீக்குங்கள். 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. நிர்வாகத்திடம் பேசும்போது இந்த எண்ணைச் சொல்லுங்கள்.

சார்ஜருக்கு நர்சிங் ஸ்டேஷனில் ஒரே இடம், கேபிளைக் கட்டிப் போடுங்கள். ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டர் இருக்கும் பிளக் வரிசையில் போன் சார்ஜர் வேண்டவே வேண்டாம். ஆக்சிஜன் ஓடும் கட்டிலோரத்திலும் கூடாது. ஷிப்டுக்கு ஒருமுறையும், தொற்று நோயாளி இருக்கும் தனிமை அறைக்குப் போய் வந்தாலும், 70 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால் துடைப்பானால் போனைத் துடைக்க வேண்டும். நேரடியாகத் தெளித்தால் ஓட்டை வழியே உள்ளே போய்விடும்.

எடுக்காததற்கு சிக்னலும் காரணமாக இருக்கலாம். எக்ஸ்ரே அறையின் ஈயச் சுவர், லிப்ட், தரைத்தளம் எல்லாம் அப்படித்தான். கேரள எல்லையிலிருக்கும் களியக்காவிளைப் பக்கம் நெருங்க நெருங்க போன் கேரளா டவருக்கும் நம் டவருக்கும் மாறி மாறித் தாவும். ஒரு மதியம் இரண்டு கம்பெனி சிம்முடன் கட்டிடம் முழுக்க நடந்து, சிக்னல் இல்லாத இடங்களை வரைபடத்தில் குறியுங்கள். அங்கெல்லாம் இன்டர்காம் இருந்தே ஆக வேண்டும்.

இன்டர்காமை எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் 2017 நவம்பர் 30-ஐ நினைவுபடுத்துங்கள். ஒக்கி புயல் அடித்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்டும் இல்லை, டவரும் இல்லை. ஜெனரேட்டரில் ஓடும் இன்டர்காமுக்கு டவர் தேவையில்லை. டாக்டர்கள், ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி, ரத்த வங்கி எண்களைக் காகிதத்தில் எழுதி ஒவ்வொரு வார்டிலும் ஒட்டுங்கள். வாக்கிடாக்கி வாங்க நினைத்தால் ஒன்று: செல்போனைவிட அதன் அலை வலிமையானது, ஐ.சி.யூ.வுக்குள் கொண்டுபோகக் கூடாது.

சரி, தொலைந்த அந்த இரண்டுக்கு வருவோம். பெட்டியிலோ பில்லிலோ ஐ.எம்.இ.ஐ. எண், அதாவது ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண், இருக்கும். போலீஸ் புகார் நகலும் பில்லும் வைத்துக்கொண்டு, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் இன்றே அவற்றை முடக்குங்கள். சிம்மையும் நிறுத்தி அதே எண்ணில் புதிது வாங்கி, அந்த எண்ணின் வாட்ஸ்அப்பைப் புது போனில் பதிவு செய்யுங்கள், பழைய போனில் அது வெளியேறிவிடும். மீதி 7 போன்களில், டிஸ்ப்ளே போன ஒன்றுக்குப் பெட்டியையோ பில்லையோ பார்த்தும் மற்றவற்றில் *#06# அழுத்தியும், இந்த எண்ணைப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். அப்புறம் ஒரு வாரம் ராத்திரி ஹேண்ட் ஓவர் நேரத்தில் நீங்களே வார்டில் நில்லுங்கள், அந்த ரிங் அடிக்கிறதா என்று கேளுங்கள்.