ஒரே யார்டில் இரண்டு நாய்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். வீட்டு நாய்கள் ஒன்றையொன்று கடித்துக் குதறுகின்றன. இங்கே தென்னாப்பிரிக்காவில் தீபாவளி வெடியும், கை ஃபாக்ஸ் நாளான நவம்பர் 5 வெடியும் அடுத்தடுத்து வருகிற காலம் என்பதால் எதிர்பார்த்ததுதான். எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நாயின் வயது, ஆணா பெட்டையா, கருத்தடை ஆனதா, சண்டை எந்த இடத்தில் எதற்காக வந்தது, கடைசி ரேபீஸ் ஊசி எப்போது போட்டது, இந்த ஐந்தையும் எழுதுங்கள். "என் நாய்கள் அடித்துக்கொள்கின்றன, மருந்து சொல்லுங்கள்" என்று மூன்று கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றுக்கு என்னால் பதில் எழுத முடியாது.

அக்கா, என்னிடம் தாயும் மகளுமாக இரண்டு பெட்டை நாய்கள். ஐந்து வயது, ஒன்றரை வயது. இரண்டும் கருத்தடை ஆனவை. ஒன்றாகவே படுக்கும், ஒன்றாகவே சாப்பிடும். ஆனால் குரங்கு வந்தால் மட்டும் ஒன்றன் கழுத்தை ஒன்று பிடிக்கிறது. ஏன்?
— வாசகி, சாட்ஸ்வொர்த்

இப்படி எழுதினால் பதில் சொல்லச் சுலபம், நன்றி. குரங்கு மதில்மேல் உட்கார்ந்திருக்கிறது. நாய்க்கு எட்டவில்லை. வெறி உச்சிக்கு ஏறுகிறது, பக்கத்தில் எது நிற்கிறதோ அதன்மேல் இறங்குகிறது. உங்கள் நாய்களுக்குள் பகை எதுவும் இல்லை, இன்றைக்கு. இதே சண்டை பத்து முறை நடந்தால் பகையாகிவிடும், அதற்குள் நிறுத்த வேண்டும்.

மாங்காய், லிச்சிக் காலத்தில் விழுந்த பழத்தைக் காலையிலேயே பொறுக்கிவிடுங்கள். குப்பைத் தொட்டி மூடிக்குக் கொக்கி போடுங்கள். குரங்குக் கூட்டம் பெரும்பாலும் ஏறக்குறைய அதே நேரத்துக்குத்தான் வரும், ஒரு வாரம் கவனித்தால் தெரிந்துவிடும். அந்த நேரத்தில் ஒரு நாயாவது வீட்டுக்குள் இருக்க வேண்டும். பக்கத்து வீட்டு நாயோடு கம்பி வேலி வழியாகக் குரைத்துச் சண்டை போடுகிறவைக்கும் இதேதான்: கண்ணில் படாதபடி வேலியை மறையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பெட்டைக்குப் பெட்டை சண்டைதான் ஆறாத சண்டை. அமெரிக்காவில் 2011இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே வீட்டுக்குள் சண்டையிட்ட ஜோடிகளில் பத்துக்கு எட்டு ஒரே பாலைச் சேர்ந்தவை, அதிலும் பெட்டைகளே அதிகம். தொடங்கிவைப்பது பெரும்பாலும் இளையது, அல்லது பின்னால் வந்து சேர்ந்தது. ஆகவே மகளைக் கவனியுங்கள்.

எந்த நாய்க்கு முதலில் சாப்பாடு வைக்க வேண்டும்?
— வெருலம்

வேறு வேறு அறையில், கதவைச் சாத்திவிட்டு வையுங்கள். இந்தக் கேள்வியே எழாது.

சண்டையை விலக்கப் போய் என் கையில் நாலு தையல். எப்படித்தான் பிரிப்பது?
— ஃபீனிக்ஸ்

கழுத்துப் பட்டையைப் பிடித்திருப்பீர்கள். எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள், எல்லோருக்கும் தையல் விழுகிறது. அந்த நேரத்தில் நாய்க்கு உங்கள் கை எது, எதிரியின் கழுத்து எது என்று தெரியாது.

கத்தாதீர்கள், அடிக்காதீர்கள். இரண்டும் சூட்டைக் கூட்டும். முதலில் தோட்டக் குழாய்த் தண்ணீரை முகத்தில் பீய்ச்சுங்கள், அல்லது கனமான போர்வையை இரண்டின்மேலும் போடுங்கள். பலகை, நாற்காலி, தகர மூடி, எது கிடைக்கிறதோ அதை நடுவில் நுழைத்துவிடுங்கள். இரண்டு பெரியவர்கள் இருந்தால், ஆளுக்கொரு நாயின் பின்னங்கால்களைத் தொடை அருகே பிடித்துத் தூக்கி, தள்ளுவண்டியைப் பின்னால் இழுப்பது போல வளைந்து நடந்து பின்வாங்குங்கள். நேராக நின்றால் திரும்பிக் கடிக்கும். ஒரு நாய் கவ்விப் பிடித்திருக்கும்போது வெடுக்கென்று இழுக்காதீர்கள், சதை கிழிந்து வரும். பிடி தளர்ந்த பிறகே இழுக்க வேண்டும்.

பிரிந்ததும் ஒவ்வொன்றையும் ஒரு கதவுக்குப் பின்னால் அடையுங்கள். "சமாதானம் செய்துகொள்ளட்டும்" என்று உடனே சேர்த்துவிட வேண்டாம். நாய்க்குப் பல் பட்ட இடம் வெளியே பயறளவு துளையாகத் தெரியும், உள்ளே தோலும் சதையும் பிரிந்து கிடக்கும். மஞ்சள் அப்பி விட்டுவிடாமல் அன்றைக்கே வெட்டிடம், அதாவது கால்நடை மருத்துவரிடம், காட்டுங்கள். உங்கள் கையில் பட்டதா? சோப்பும் ஓடுகிற தண்ணீரும் வைத்துக் கால் மணி நேரம் கழுவுங்கள், அதே நாளில் கிளினிக்குக்குப் போங்கள். நாம் இருப்பது குவாசுலு-நட்டால். இங்கே ரேபீஸ் இன்னும் தெருவில் இருக்கிறது.

புரட்டாசி மாதம் வீட்டில் இறைச்சி எடுப்பதில்லை. நாய்களுக்கும் பருப்புச் சோறுதான். மாதம் முடிகிற வாரத்தில் மூன்றும் பயங்கரமாக அடித்துக்கொண்டன.
— டோங்காட்

விரதம் உங்களுடையது, நாய்களுடையது அல்ல. திடீரென்று தீனியை மாற்றினால் வயிறும் கெடும், பசியும் அடங்காது. பசித்த நாய் தட்டைக் காக்கும். வீட்டுப் பாத்திரத்தில் இறைச்சி படக்கூடாது என்றால் கடையில் விற்கிற நாய்த் தீனியைத் தனி வாளியில் வைத்து அதையே கொடுங்கள், பூசை அறைக்கு எந்தத் தீட்டும் இல்லை.

அப்புறம், விரதம் முடிந்த ஞாயிறு பிராய் போட்டு (தணலில் இறைச்சி சுட்டு) ஆட்டு எலும்பை யார்டில் வீசியிருப்பீர்கள், எழுதவில்லை என்றாலும் ஊகிக்க முடிகிறது. மூன்று நாய்க்கு நடுவே எலும்பு வீசுவது சண்டையை விலை கொடுத்து வாங்குவது. வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும் என்பது தனிக் கதை.

இரண்டு ஆண் நாய்கள். ஒன்று போர்புல் கலப்பு, 4 வயது, 55 கிலோ. மற்றது நாட்டு நாய், 2 வயது. பயிற்சி கொடுக்க வந்தவர், "வீட்டுக்கு நீதான் தலைவன் என்று காட்டு" என்று சொல்லி, உறுமினால் மல்லாக்கப் புரட்டி அழுத்தச் சொன்னார், மின் அதிர்ச்சிப் பட்டையும் மாட்டினார். ஆறு வாரத்தில் உறுமல் நின்றது. போன வாரம் எந்த அறிகுறியும் இல்லாமல் பெரியது சின்னதன் காதைக் கிழித்துவிட்டது. நாங்கள் எங்கே தவறினோம்?
— வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

தம்பி, இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்குக் கை நடுங்குகிறது. உறுமல் என்பது குற்றம் அல்ல, பேச்சு. "தள்ளிப் போ, எனக்குப் பிடிக்கவில்லை" என்று நாய் சொல்கிற கடைசி மரியாதையான வார்த்தை அது. சீறுகிற பாம்பு நமக்கு விலக நேரம் கொடுக்கிறது. சீறலை அடக்கிவிட்டால் விஷம் குறையுமா? நீங்கள் அடக்கியது சத்தத்தை மட்டும். பயமும் வெறுப்பும் உள்ளேயே இருந்தன. அதற்குமேல் இன்னொரு பாடத்தையும் சேர்த்துக் கற்றது உங்கள் பெரிய நாய்: "சின்னவன் பக்கத்தில் வரும்போதெல்லாம் எனக்குக் கழுத்தில் வலிக்கிறது." அதிர்ச்சி கொடுத்தது பட்டை என்று நாய்க்குத் தெரியாது. எதிரே யார் நிற்கிறார்களோ அவர்கள்தான் காரணம் என்று எடுத்துக்கொள்ளும்.

இந்தத் "தலைவன்" கதை எங்கிருந்து வந்தது தெரியுமா? 1947இல் ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் சுவிட்சர்லாந்தின் பாசல் விலங்குக் காட்சிசாலையில் அடைபட்ட ஓநாய்களைப் பார்த்து எழுதினார். குடும்பமாக வாழ வேண்டிய மிருகத்தைக் கண்டபடி சேர்த்துச் சின்ன அடைப்பில் பூட்டினால் அடித்துக்கொள்ளாமல் என்ன செய்யும்? அதை 1970இல் அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மீச் தன் நூலில் எடுத்தாண்டார், உலகெங்கும் பரவியது. பிறகு அவரே காட்டு ஓநாய்களைக் கோடைக்குக் கோடை போய்ப் பார்த்தார். அங்கே கண்டது அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட குடும்பம். சண்டை போட்டுப் பதவி பிடித்த தலைவன் அல்ல. 1999இல் அதை எழுதி, பழைய கருத்தைத் திருத்தினார். பழைய நூலை அச்சிட வேண்டாம் என்று பதிப்பாளரிடம் கேட்டும் பார்த்தார். சொன்னவரே திருத்திக்கொண்டு கால் நூற்றாண்டு ஆகிறது. நம் ஊரில் இன்னும் நாயைப் புரட்டி அழுத்திக்கொண்டிருக்கிறார்கள், அதற்குக் காசும் வாங்குகிறார்கள்.

நானும் இளம் வயதில் அப்படித்தான் கற்றேன். ஒரு ரிட்ஜ்பேக்கை மாதக்கணக்கில் அழுத்தி அடக்கினேன். அந்த நாய் ஒருநாள் சத்தமில்லாமல் வீட்டுக் குழந்தையின் கன்னத்தைக் கடித்தது. நாயைக் கொன்றார்கள். அந்தக் கடிக்கு முன் வர வேண்டிய உறுமலை அதன் தொண்டையிலிருந்து எடுத்தது நான்.

இப்போது செய்ய வேண்டியது. பட்டையைக் கழற்றிவிடுங்கள். இரண்டையும் மூன்று வாரமாவது கண்ணுக்குக் கண் படாமல் பிரித்து வையுங்கள், அறை மாற்றி மாற்றி. போர்வையை மாற்றிப் போட்டு வாசனை பழக்கலாம். வெட்டிடம் போய் இடுப்பு, பல், காது மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள், ரேபீஸ் அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். அதற்கிடையே கூடை போன்ற வாய்க்கூடையைத் தின்பண்டம் காட்டிப் பழக்குங்கள். மூக்கை அது தானாக உள்ளே விட வேண்டும், திணிக்கக்கூடாது. பிறகு இரண்டு பேர், இரண்டு கயிறு, பத்து மீட்டர் இடைவெளி, ஒரே திசையில் நடை. இரண்டும் தரையை முகர்ந்துகொண்டு தளர்வாக நடந்தால் அடுத்த வாரம் எட்டு மீட்டர். விறைத்தால் மீண்டும் பத்து. வீட்டுக்குள் சேர்ப்பது கடைசிப் படி, அதுவும் நடுவில் குட்டை கேட் வைத்து.

கவனிக்க வேண்டியது சத்தத்தை அல்ல. உடம்பு சிலையாவது, திறந்திருந்த வாய் மூடுவது, கண்ணின் வெள்ளை ஓரத்தில் தெரிவது, மற்றதன் தோள்மேல் மோவாயை வைப்பது, வாசலை மறித்து நிற்பது, இவையெல்லாம் பேச்சுதான். அந்த நொடியில் திட்டாமல், சந்தோஷக் குரலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு விலக்குங்கள். வந்ததற்கு ஒரு துண்டு கோழி கொடுங்கள். உறுமல் திரும்பி வந்தால் மகிழுங்கள்.

ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு பெட்டைக் குட்டிகள் கிடைக்கின்றன. துணைக்குத் துணையாக இரண்டையும் எடுக்கலாமா?
— ஷால்கிராஸ்

ஒன்றை எடுங்கள். இரண்டாவது வேண்டுமானால் இரண்டு வருடம் கழித்து, ஆண் நாயாக.

கருத்தடை செய்தால் சண்டை நிற்குமா?
— மெரிபேங்க்

ஆணும் ஆணும் என்றால் ஓரளவு குறையலாம், அதுவும் உடனே அல்ல, சில வாரம் பிடிக்கும். பெட்டைகளுக்குள் பகை என்றால் அதனால் மட்டும் தீராது. ஆனால் வருடத்துக்கு இரண்டு தடவை ஹீட் (இணைசேரும் பருவம்) வரும்போது யார்டே போர்க்களம் ஆவது நிற்கும். சண்டை இருக்கிறதோ இல்லையோ, குட்டி வளர்க்க வழியில்லாதவர்கள் செய்தே ஆக வேண்டியது அது. கைவிடப்பட்ட விலங்குகளைப் பராமரிக்கிற எஸ்பிசிஏ சங்கத்தின் கூடுகளில் போய்ப் பாருங்கள், புரியும்.

பதினொரு வயதுக் கிழ நாய், எல்லோருக்கும் செல்லம். ஒரு மாதமாகச் சின்ன நாய் பக்கத்தில் வந்தாலே சீறிக் கடிக்கிறது. வயதானால் கோபம் வருமா?
— இசிப்பிங்கோ

வயதானால் வலி வரும். மூட்டு, பல், காது, கண் மங்கல், உண்ணிக் காய்ச்சல் எதுவாகவும் இருக்கலாம். நல்ல நாய் திடீரென்று மாறினால் வெட் முதலில், பயிற்சி அப்புறம். நாம் சாப்பிடும் வலி மாத்திரையைப் பாதி உடைத்துக் கொடுக்க வேண்டாம், அதிலேயே செத்த நாய்களைப் பார்த்திருக்கிறேன். ரேபீஸ் ஊசி விட்டுப்போயிருந்தால் இந்தத் திடீர் மாற்றத்தை இன்றைக்கே வெட்டுக்குப் போன் செய்து சொல்லுங்கள். ரேபீஸும் இப்படித் தொடங்கலாம். மூன்று மாதத்தில் முதல் ஊசி, ஒரு வருடத்துக்குள் இரண்டாவது, பிறகு மூன்று வருடத்துக்கு ஒரு முறை என்பது சட்டம். இந்த மாகாணத்தில் வருடா வருடம் போடுங்கள் என்பேன். அரசு முகாம்களில் காசு கிடையாது.

வெடிச் சத்தத்தில் இரண்டும் நடுங்கி, பிறகு ஒன்றையொன்று கடித்தன. ஏசிபி என்கிற மயக்க மாத்திரை கொடுத்தும் பலனில்லை.
— லெனேசியா

அந்த மாத்திரை உடம்பைத்தான் கட்டிப்போடும், பயம் அப்படியே இருக்கும். ஓட முடியாமல் பயந்து கிடக்கிற நாய் இன்னும் அபாயம். பயத்தையே குறைக்கிற மருந்துகள் உண்டு, பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்பே வெட்டிடம் கேளுங்கள். அன்றிரவு தனித்தனி அறை, மூடிய திரை, சத்தமாக ரேடியோ.

கேட் மோட்டார் மின்வெட்டில் நின்றுபோய், யாரோ திறந்துவிட்டுப் போனார்கள். நாய்கள் இரண்டும் வெளியே போய் வழியில் போனவரைக் கடித்தன. திறந்தது நாங்கள் இல்லையே?
— ஸ்டாங்கர்

இரண்டு நாய் சேர்ந்து ஓடினால் தனித்தனியாகச் செய்யாததைச் சேர்ந்து செய்யும். பொறுப்பு உங்களுடையதுதான். ரோமானியர் காலத்திலிருந்து வருகிற சட்டம் இங்கே இன்னும் நிற்கிறது: நாய் செய்த சேதத்துக்கு, உங்கள் தவறு இல்லாவிட்டாலும் நீங்கள் ஈடு தர வேண்டும். 2020இல் ஒருவர் கையையே இழந்த வழக்கில், கேட்டைத் திறந்தது வெளியாள் என்று உடைமையாளர் வாதாடினார். மேல்முறையீட்டு உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. கடிபட்டவரை இன்றே போய்ப் பாருங்கள், ரேபீஸ் அட்டையைக் காட்டுங்கள். கேட்டுக்குப் பூட்டும், உள்ளே இரண்டாவது வேலியும் போடுங்கள்.

எல்லாம் செய்து பார்த்துவிட்டோம், ஒரு வருடமாகக் கதவு மாற்றி வாழ்கிறோம். ஒன்றை வேறு வீட்டுக்குக் கொடுப்பது துரோகமா?
— வாசகி, ஃபீனிக்ஸ்

இல்லை அம்மா. தினமும் பயத்தில் வாழ்வதைவிட ஒற்றை நாயாக இன்னொரு வீட்டில் நிம்மதியாக இருப்பது அதற்கே நல்லது. எந்த நாயைக் கொடுப்பது என்றால், புது இடத்தில் எளிதாக ஒட்டிக்கொள்ளும் நாயை. அதிகம் கடித்ததை அவசரமாகத் தள்ளிவிடாதீர்கள். வாங்குகிறவரிடம் கடித்த கதை முழுவதையும் சொல்லுங்கள், வீட்டில் வேறு நாய் இருந்தால் கொடுக்காதீர்கள். இலவசம் என்று எழுதிப் போட்டு முன்பின் தெரியாதவர் கையில் ஒப்படைக்க வேண்டாம், நாய்ச் சண்டைக்குப் பிடிக்கிறவர்கள் அப்படித்தான் தேடுகிறார்கள். போய் அந்த வீட்டைப் பாருங்கள். கொடுக்கிற நாளில் அதன் ரேபீஸ் அட்டையையும், துவைக்காமல் அது படுத்த போர்வையையும் கூடவே அனுப்புங்கள்.